செம்புக் கம்பிக்கு வந்த வாழ்வு!

எங்கள் தருமபுரத்துக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. ஞானசம்பந்தரின் பாட்டுகளுக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்காலை ஒட்டிய இந்த ஊர்தான் அவருடைய தாயார் பிறந்த ஊர். இருவரும் இங்கே வந்தபோது பாணரின் சுற்றத்தார் ஒரு பெருமை பேசினார்களாம்: சம்பந்தரின் பாட்டுக்கு இவ்வளவு புகழ் வந்தது நம்மவர் வாசித்த யாழினால்தான் என்று. பாணருக்கு அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடும்படி சம்பந்தரைக் கேட்டுக்கொண்டார். அவரும் பாடினார். நரம்புகளில் அது அடங்கவில்லை. பாணர் யாழை முறிக்கவே கை ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர். கோவிலில் இருப்பவர் யாழ்மூரிநாதர்.

கதையில் பக்தியை விரும்புகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. புகழ் பாடினவருக்கா, நரம்புக்கா என்று கேள்வி வந்ததும், அந்த இசைத் தொழிலாளி வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. உறவினர்கள் முன்னிலையிலேயே பரீட்சை வைக்கச் சொன்னார். அதுவும் தன் வாத்தியம் தோற்கக்கூடிய பரீட்சை!

இன்று அதே ஊரில் அதே வழக்கு புது வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இந்தத் தடவை புகழ் கேட்டு வருவது யாழ் நரம்புகூட அல்ல. நரம்பாவது நாதம் எழுப்பும். ஆம்ப்ளிபயர் பெட்டிக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே தரையில் கிடக்கிற ஊமைக் கம்பி மகுடம் கேட்கிறது! சங்கீதத்தின் இனிமையே என்னால்தான் என்கிறது. அதற்காக ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் ரூபாய் கேட்கிறது. இந்த மகுடாபிஷேகத்தின் புரட்டைத்தான் இங்கே எழுத வந்தேன்.

"என்ன தோழர், நாட்டில் எத்தனையோ பிரச்னை இருக்க, பணக்காரர் வீட்டு ஒயரைப் பற்றி எழுதுகிறீர்களே!" என்று சிலர் கேட்கலாம். பணக்காரர் வீட்டோடு விஷயம் நின்றிருந்தால் நானும் பேனா எடுத்திருக்க மாட்டேன். அது ஓட்டு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

ஓடு மாற்ற வைத்த பணம்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எனக்கு எழுத்துப் பிழை திருத்தியவர். ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக்கு ஓடு மாற்றவேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பணம் சேர்த்துவந்தார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆடம்பரம் சங்கீதம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் சோறு வேண்டாம். பழைய இசைத்தட்டுப் பதிவுகளையெல்லாம் சேர்த்து வைத்து, ஒரு சுமாரான ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய நகரத்துக் கடையில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கள் செட் நல்ல செட். ஆனால் சாதாரண ஒயர் போட்டுக் கொன்றுவிட்டீர்கள். இந்தக் கேபிளைப் போட்டால் வித்வான் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து வாசிப்பார்" என்றார்கள். 3 மீட்டர் நீளத்தில் இரண்டு கேபிள்கள். விலை 38,000 ரூபாய்! "ஒரு வாரம் வீட்டில் போட்டுக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள்" என்று முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினார்கள். போகிற போக்கில் ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தார்கள்: கேபிள் 'பழுக்க' வேண்டுமாம். 200 மணி நேரம் அதில் சங்கீதம் ஓடினால்தான் அதன் முழு குணமும் வெளிப்படுமாம்.

ஒரு வாரத்துக்கு எத்தனை மணி? 168. இரவும் பகலும் தூங்காமல் ஓடவிட்டாலும் 200 மணி ஆவதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடும். தந்திரத்தைக் கவனித்தீர்களா? கெடுவுக்குள் வித்தியாசம் தெரியவில்லையென்றால் கேபிள் இன்னும் பழுக்கவில்லை. கெடு கழிந்த பிறகும் தெரியவில்லையென்றால் உங்கள் காது பழுக்கவில்லை!

கம்பியின் வேலை என்ன?

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் ஓம் என்ற ஜெர்மானியர் 1827-ல் எழுதி வைத்த விதி பத்தாவது புத்தகத்திலேயே இருக்கிறது. கம்பி நீளமானால் மின்தடை கூடும். பருமனானால் குறையும். வீட்டு ஸ்டீரியோவுக்கு ஸ்பீக்கர் கம்பி செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று: ஆம்ப்ளிபயர் கொடுக்கும் மின்சாரத்தை, வழியில் வீணாக்காமல், ஸ்பீக்கரிடம் ஒப்படைப்பது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாத்தியார் வீட்டு ஸ்பீக்கர் 8 ஓம். ஆம்ப்ளிபயரிலிருந்து 3 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப 6 மீட்டர். நம் ஊர் எலெக்ட்ரிக் கடையில் வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரை அங்கே போட்டால் அதன் மின்தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கரின் தடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2.5 ஸ்கொயர் போட்டால் அதுவும் ஏறத்தாழ பாதியாகிவிடும். இந்த இழப்பை ஒலி அளவில் சொன்னால் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வீட்டில் மின்விசிறி சுற்றுகிறபோது வரும் இரைச்சலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

மக்கின்டாஷ் என்ற அமெரிக்கக் கம்பெனியில் ஸ்பீக்கர்கள் வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல் என்ற எஞ்சினீயர் ஒரு சுலபமான விதி எழுதி வைத்திருக்கிறார். ஒயரின் தடை ஸ்பீக்கரின் தடையில் நூற்றுக்கு 5-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த விதிப்படி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 ஸ்கொயர் ஒயரை 50 அடி வரை இழுக்கலாம். எங்கள் தெருவில் 50 அடி நீளக் கூடம் உள்ள வீடு எது? நான் பார்த்ததில்லை.

வெள்ளியின் மகிமை முக்கால் அடி

வியாபாரிகள் இதற்கெல்லாம் அசைகிறவர்கள் அல்ல. அவர்களிடம் விஞ்ஞானச் சொற்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்போம்.

"எங்கள் செம்பு பிராணவாயு நீக்கிய செம்பு, 99.99 அல்ல, 99.9999 சதம் தூய்மை" என்று ஒன்பதுகளை அடுக்குகிறார்கள். சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் பிராணவாயு நீக்கிய செம்புக்கும் மின்கடத்தும் திறனில் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று அளவு. கம்பியை ஒரு சதம் பருமனாக்கினால் அந்த வித்தியாசம் தீர்ந்தது.

"வெள்ளிக் கம்பி!" என்கிறார்கள். வெள்ளி செம்பை விட நன்றாக மின்சாரம் கடத்தும், மெய்தான். எவ்வளவு நன்றாக? நூற்றுக்கு சுமார் ஆறு. அதாவது 12 அடிச் செம்புக் கம்பியில் முக்கால் அடியை வெட்டிவிட்டால், மீதியுள்ள செம்பு 12 அடி வெள்ளிக்குச் சமம். வெள்ளியின் மகிமை இந்த முக்கால் அடிதான். ஸ்பீக்கர் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலே அது கிடைத்துவிடும்.

"உயர்ந்த ஒலிகள் கம்பியின் தோல்மீதே ஓடும், அதற்குத் தனி முறுக்கு வேண்டும்" என்கிறார்கள். இதுவும் பாதி உண்மை. மாற்று மின்சாரம் கம்பியின் மேற்புறத்தை நாடும். ஆனால் மனிதக் காதின் எல்லையான, விநாடிக்கு 20,000 அதிர்வுகளில்கூட, செம்பில் அந்தத் தோலின் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வீட்டு ஒயரின் குறுக்களவே இரண்டு மில்லிமீட்டருக்குள். இதனால் வரும் மாறுதல் கருவிக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. அறுபது வயதுக்காரருக்கு அந்த உச்ச ஒலிகள் காதில் விழுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

கேபிளின் மேல் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். மின்சாரம் இந்தப் பக்கமாகத்தான் ஓடவேண்டுமாம்! சங்கீதத்தின் மின்சாரம் ஒரு பக்கமாக ஓடுகிற ஆறா? தறி நாடாவைப்போல அது விநாடிக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இப்படியும் அப்படியும் போய்வருகிறது. அம்புக்குறியை மதித்து ஒரே பக்கமாக ஓடினால் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஸ்வரமும் வராது.

கம்ப்யூட்டர் காலத்தில் இந்தக் கூத்து இன்னும் மோசமாகிவிட்டது. 2008-ல் டெனான் கம்பெனி ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு இணைப்புக் கேபிளை 499 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் 20,000 ரூபாய்க்கு மேல். அமைப்பில் அது கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஈதர்நெட் கேபிள்தான். அப்படிப்பட்ட கேபிளில் ஓடுவது ஒன்றும் சைபரும். தபால்காரர் பட்டுச் சட்டை போட்டு வந்தால் கடிதத்தில் உள்ள எழுத்து அழகாகிவிடுமா?

வேட்டித் திரைக்குப் பின்னால்

கணக்கைச் சொன்னேன். வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. "தம்பி, உன் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் என் காதில் கேட்கிறதே!" என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆகையால் யாழ்ப்பாணர் வழியில் போவது என்று முடிவு செய்தோம்.

எங்கள் ஊர் மைக்செட்காரர் ஒருவரை அழைத்துவந்தேன். திருவிழா, கல்யாணம், பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் மரத்துக்கு மரம் ஒயர் இழுத்து முப்பது வருஷம் தழும்பேறின கை. நூறு வோல்ட் லைன் முறையில் மெல்லிய ஒயரிலேயே அரை மைலுக்குக் குழாய் ஸ்பீக்கரைப் பேச வைக்கிறவர். அவர் தம் பையிலிருந்து 2.5 ஸ்கொயர் ஒயர் ஒன்றை எடுத்து முனையைச் சீவினார்.

முதலில் திரையில்லாமலே கேட்டோம். சாதாரண ஒயரில் தோடி. பிறகு அவர் குனிந்து பின்பக்கம் ஏதோ கழற்றி மாட்டி, "இப்போது பெரிய கேபிள், வாத்தியாரே" என்றார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! சீவாளியின் ஈரம்கூடக் கேட்கிறதே!" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கும் கேட்டது! அவ்வளவு கணக்குப் பேசிய எனக்கும் நாதஸ்வரம் ஒரு அடி முன்னால் வந்ததுபோலவே தோன்றியது. மைக்செட்காரர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பிக் காட்டினார். அவர் எதையும் மாற்றவே இல்லை. அதே பழைய ஒயர்தான் மாட்டியிருந்தது.

பிறகு கூடத்துக்கும் ரேழிக்கும் நடுவே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினோம். ஆம்ப்ளிபயரோடு மைக்செட்காரர் திரைக்கு அப்பால். ஒவ்வொரு தடவையும் அவர் காசைச் சுண்டுவார். பூ விழுந்தால் பெரிய கேபிள். தலை விழுந்தால் சாதாரண ஒயர். எதை மாட்டினார் என்பதைத் தம் நோட்டில் குறித்துக்கொள்வார். இந்தப் பக்கம் வாத்தியார் சொல்வதை நான் குறித்துக்கொள்வேன். கடைசியில்தான் இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்ப்பது. பத்துத் தடவை செய்தோம். வாத்தியார் நான்கு தடவை சரியாகச் சொன்னார். ஆறு தடவை தவறு. நடுவே மூன்று தடவை தொடர்ந்து தலையே விழுந்திருந்தது. அந்த மூன்று தடவையும் அவருக்கு மூன்று விதமாகக் கேட்டிருந்தது.

கடைசியாக மைக்செட்காரர் தலைமயிர் போன்ற ஒரு மெல்லிய மணி ஒயரை, முப்பது அடிச் சுருளாக அப்படியே மாட்டினார். "ஒலி இறங்கிவிட்டதே!" என்று வாத்தியார் அப்போதே சொல்லிவிட்டார். ஆகவே காதில் குறையில்லை. வித்தியாசம் இருந்தால் காது கண்டுபிடிக்கிறது. இல்லாத வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது கண்ணும், 38,000 என்ற இலக்கமும்.

வாத்தியார் கூனிக் குறுகிப் போனார். அவர் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. மனிதன் காதால் மட்டும் கேட்பதில்லை. ஆசையாலும் எதிர்பார்ப்பாலும் கேட்கிறான். இது மனித இயல்பு. எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. வெட்கப்படவேண்டியவர்கள் இந்த இயல்பை அறிந்து வைத்துக்கொண்டு, அதன்மேல் கடை போட்டிருப்பவர்களே!

கடல் கடந்த பரீட்சைகள்

எங்கள் வேட்டித் திரையைப் பார்த்து நகைக்கும் மேதாவிகளுக்காக உலக விவகாரத்தையும் சொல்கிறேன்.

1970-களின் கடைசியில்தான் இந்த வியாபாரம் அமெரிக்காவில் சூடு பிடித்தது. நோயல் லீ என்பவர் மான்ஸ்டர் கேபிள் கம்பெனியை ஆரம்பித்த காலம் அது. அதுவரை ஸ்பீக்கருக்கு ஜனங்கள் மேஜைவிளக்கு ஒயரைப் போட்டுக் கேட்டார்கள். 1983-ல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை மான்ஸ்டர் கேபிள், 16-ம் நம்பர் சாதாரண ஒயர், 24-ம் நம்பர் மெல்லிய ஒயர் மூன்றையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தது. மெல்லிய ஒயரைச் சோதனைக்கான இரைச்சல் ஒலியில் அடையாளம் கண்டார்கள். ஆனால் சங்கீதத்தில் மான்ஸ்டர் கேபிளையும் 16-ம் நம்பர் ஒயரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான்.

மக்கின்டாஷ் கம்பெனியின் தலைவராக இருந்த கார்டன் கௌ என்பவரும் ஸ்விட்ச் வைத்து ஒயர்களை மாற்றி மாற்றி ஜனங்களுக்குக் கேட்கச் செய்தார். அவரும் முதலாளிதான், விலை உயர்ந்த ஆம்ப்ளிபயர் விற்றவர்தான். ஆனாலும் ஒயரில் வித்தியாசம் இல்லை என்பதைச் சபையிலேயே காட்டினார்.

2007-ல் நடந்ததுதான் உச்சக் காட்சி. ஜேம்ஸ் ராண்டி என்ற மாயாஜால வித்தைக்காரர், 2020-ல் காலமானவர், இயற்கைக்கு மீறிய சக்தியை நிரூபிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு வைத்திருந்தார். பேர் என்ற கம்பெனியின் 'அஞ்சூ' கேபிள், 12 அடி ஜோடி 7,250 டாலர். அதைச் சாதாரண நல்ல கேபிளிலிருந்து, பார்க்காமல், கேட்டு மட்டும் பிரித்துச் சொல்பவருக்கு அந்தப் பரிசு என்று அறிவித்தார். ஒரு பத்திரிகை விமர்சகர் முன்வந்தார். நிபந்தனைகள் பற்றி வாக்குவாதம் நடந்தது. முடிவில் கேபிள் கம்பெனி பின்வாங்கிக்கொண்டது. பரீட்சை நடக்கவேயில்லை. 7,250 டாலருக்குச் சரக்கு விற்பவருக்கு, 10 லட்சம் டாலர் பரிசும் உலகப் பிரசித்தமும் தேடிவந்த நேரத்தில் ஏன் கால் கூசியது? வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

அந்த விலையை நம் ஊர்க் கணக்குக்குக் கொண்டு வருவோம். அன்றைய மதிப்பில் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2024-25-ல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். 2007-ம் வருஷத்து விலையை 2024-ம் வருஷத்துக் கூலியோடு வைத்து, கம்பெனிக்குச் சாதகமாகவே கணக்கிட்டாலும், ஏறத்தாழ 880 நாள் கூலி. வருஷத்துக்கு நூறு நாள் வீதம் மண் சுமந்தால் எட்டே முக்கால் வருஷம்! 24 அடிக் கம்பிக்கு!

"அவன் பணம், உனக்கென்ன?"

எதிர்க் கட்சியின் வாதங்களையும் ஒளிக்காமல் எடுத்துக்கொள்வோம்.

"சாதாரண செட்டில் தெரியாது, உயர்ந்த செட்டில்தான் தெரியும்" என்பார்கள். அப்படியானால் வாத்தியாரின் சாதாரண செட்டுக்கு 38,000 ரூபாய்க் கேபிளை ஏன் தலையில் கட்டினார்கள்? தவிர, அவர் கேட்பது பழைய இசைத்தட்டுப் பதிவு. ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம். இரைச்சலும் கீறலும் நிறைந்தது. அந்தக் காலத்து மைக்கிலிருந்து மெழுகுத் தட்டு வரை அது ஓடிவந்தது சாதாரணக் கம்பியில். ஊற்றிலிருந்து மண்வாய்க்காலில் வந்த தண்ணீர், கடைசி மூன்று மீட்டரைத் தங்கக் குழாயில் கடந்தால் தேனாகிவிடுமா?

"அளவுக் கருவிக்கு எட்டாத நுட்பம் இது" என்பார்கள். சரி, கருவியை விடுங்கள். காதையே நீதிபதியாக வைப்போம், கண்ணை மட்டும் கட்டுவோம் என்றால் அதற்கும் வரமாட்டேன் என்கிறீர்களே! கருவியும் வேண்டாம், காதும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது விலைச் சீட்டு ஒன்றுதானே?

"அவன் பணம், அவன் செலவு, உனக்கென்ன?" என்பார்கள். இதுதான் அவர்களுடைய பலமான வாதம். தன் பணத்தைத் தன் இஷ்டப்படி செலவிட ஒருவருக்கு உரிமை உண்டு. பட்டுத் துணி சுற்றிய கேபிள் கூடத்துக்கு அழகு என்று நினைத்து வாங்குகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் அழகை வாங்குகிறார், அழகு கிடைக்கிறது. ஆனால் இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது உரிமை ஆகாது. அதற்குப் பெயர் மோசடி. தராசில் படிக்கல்லைக் குறைக்கிற கடைக்காரரைப் பார்த்து, வாங்குகிறவன் பணம், உனக்கென்ன என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வாத்தியார் வாங்கிவந்த ஜோடியில் உள்ள செம்பு எவ்வளவு? 2.5 ஸ்கொயர் கனத்துக்குக் கணக்கிட்டால் கால் கிலோவுக்குச் சற்று மேல். செம்பைக் கிலோ 1,500 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் 400 ரூபாய்தான். மீதி 37,600 ரூபாய் எங்கே போகிறது? சுரங்கத்தில் கல் உடைத்தவருக்கா? கம்பி இழுக்கும் ஆலையில் சூட்டில் நின்றவருக்கா? அவர்களுக்குச் சாதாரண ஒயருக்கு என்ன கூலியோ அதேதான். மீதியெல்லாம் விளம்பரத்துக்கும், பளபளப்புப் பெட்டிக்கும், 'இந்தக் கேபிள் வெல்வெட்டைப்போல் இருக்கிறது, அந்தக் கேபிள் தேனைப்போல் இருக்கிறது' என்று ஒப்பிட்டு எழுதும் பேனாக்களுக்கும், அந்தப் பேனாக்களுக்கு இடம் கொடுக்கும் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களுக்கும், எல்லாம் போக லாபத்துக்கும்.

மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் பாகத்தில் சரக்கைச் சுற்றியுள்ள மாயத்தைப் பற்றி எழுதினார். மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவு, பொருளின் இயற்கையான குணம்போல வேஷம் போட்டு நிற்கிறது என்றார். இங்கே அது கண்ணுக்கு நேரே நிற்கிறது. ஒருவர் வாங்க முடியும், மற்றவர் வாங்க முடியாது என்ற சமூக வித்தியாசம், செம்புக்குள் இருக்கும் ஒலி வித்தியாசமாகக் காதில் கேட்கிறது! அவர்கள் துண்டுப் பிரசுரத்தில் செம்பின் தூய்மைக்கு ஆறு ஒன்பது போடுகிறார்கள். செம்பு உருக்காலையின் நச்சுக்கு எதிராக நின்ற 13 பேர் 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்களே, அந்தக் கணக்கைத் தூய்மைச் சீட்டில் எந்தக் கம்பெனி போடுகிறது?

விலை ஏறினால் தரமும் ஏறும் என்ற இந்த மூடநம்பிக்கை ஒயரோடு நிற்பதில்லை. அதே மருந்து அட்டையில் பேர் மாறினால் குணம் கூடும் என்று நம்பவைப்பதும், கட்டணம் கூடினால் பள்ளிக்கூடத்தில் பாடம் உயரும் என்று நம்பவைப்பதும் இதே தந்திரம். ஒயரில் இந்த முடிச்சை அவிழ்க்கப் பழகினவன் மற்ற இடங்களிலும் அவிழ்ப்பான். அதனால்தான் இதற்கு ஒரு பக்கம் செலவழித்தேன்.

செய்யவேண்டியது

சங்கீதம் கேட்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஒலியில் கேட்கவேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. அதற்கு வழி மைக்செட்காரர் சொன்னார், அப்படியே தருகிறேன்.

செம்பு ஒயர், 1.5 அல்லது 2.5 ஸ்கொயர். சிவப்பும் கறுப்பும் இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி மாட்டவேண்டும். ஒன்றில் மாறிப்போனால் தவில் ஒலி சுருங்கிவிடும். காரைக்காலைப் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் செம்பு முனை பச்சைக் களிம்பு பூத்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை முனையை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்கவேண்டும். கேபிளைப் பற்றி உள்ள ரகசியம் முழுவதும் இவ்வளவே. மற்றபடி ஸ்பீக்கர் பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துங்கள். வெறும் சிமெண்டுச் சுவரில் எதிரொலி அடித்தால் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். லட்ச ரூபாய்க் கேபிள் செய்யாத மாறுதலை ஜமுக்காளம் செய்யும். அது வேட்டித் திரைக்குப் பின்னாலும் தெரியும்.

யாராவது உங்களிடம் உயர்ந்த கேபிள் என்று வந்தால் வாதம் செய்யவேண்டாம். ஒரு வேட்டி, ஒரு காசு, இரண்டு நோட்டு, பத்துத் தடவை. "வாருங்கள், பரீட்சை வைப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். தன் வாத்தியத்துக்கே பரீட்சை வைத்த பாணரின் ஊர் இது. பரீட்சைக்கு வராத சரக்குக்கு இங்கே காசு கிடையாது என்று சொல்லி அனுப்புங்கள்.

வாத்தியார் ஆறாவது நாளே கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னும் பழுக்கவில்லையே" என்று கடையில் முணுமுணுத்தார்களாம். "நான் பழுத்துவிட்டேன்" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். புது ஓட்டுக்குக் கீழே, மைக்செட்காரர் விட்டுப்போன ஒயரில், தோடி இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து நாங்களும் கேட்கிறோம். எங்களுக்கு டிக்கெட் கிடையாது.